வீடு அவள் பேரில், கமரா அவன் கையில்

மட்டக்களப்பில் எடுக்கப்பட்ட குறும்படம் ஏதாவது ஒன்றை யூடியூப்பில் பார்க்கும்போது, கடைசி ஒன்றரை நிமிடத்தையும் ஓடவிட்டுப் பாருங்கள். அனேகமானவர்கள் மூடிவிட்டுப் போகும் இடம் அது. எழுத்து, இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, இசை, ட்ரோன் என்று வரிசையாக ஆண் பெயர்கள் ஏறும். நடிப்பில் ஒன்றிரண்டு பெண் பெயர்கள் வரும். ஒப்பனைக்கு ஒன்று. அப்புறம் 'நன்றி' என்று ஒரு பட்டியல். அங்கேதான் பெண்கள் கூட்டமாக வருவார்கள். ஷூட்டிங்குக்கு வீடு தந்த அம்மா, சேலை கொடுத்த மாமி, முப்பது பேருக்குச் சோறாக்கிய பெரியம்மா, பிள்ளைகளைச் சத்தம் போடாமல் பிடித்து வைத்திருந்த டீச்சர்.

அந்த நன்றிப் பட்டியலில் நானும் இரண்டு தடவை இருந்திருக்கிறேன். அதில் ஒரு படத்துக்கு மூன்று நாள் கன்டினியூட்டி பார்த்தேன். போன ஷாட்டில் தேத்தண்ணிக் கோப்பை எந்தக் கையில் இருந்தது, சட்டையில் எத்தனை பொத்தான் திறந்திருந்தது, சுவர் மணிக்கூட்டில் முள் எங்கே நின்றது என்று கொப்பியில் குறித்து வைத்து, அடுத்த ஷாட்டுக்கு முன் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும் வேலை. பிழைத்தால் எடிட்டிங்கில் படம் குதிக்கும். பிழைக்கவில்லை. ஆனால் டைட்டிலில் அந்த வேலையே இல்லை, என் பெயர் நன்றியில் இருந்தது. கேட்டதற்கு வந்த பதில் இன்னும் காதில் கிடக்கிறது: "என்ன தங்கச்சி, நீங்க நம்மட ஆள்தானே. உங்களுக்குமா டைட்டில்?"

சொன்னவர் கெட்டவர் இல்லை. அன்பாகத்தான் சொன்னார். அதுதான் இந்தக் கதையின் சிக்கலே.

இங்கே சினிமாத் தொழில் என்று ஒன்று கிடையாது. இலங்கைத் தமிழ் சினிமா எழும்ப முயன்ற காலத்தில்கூட அது கொழும்பைச் சுற்றித்தான் இருந்தது. 1983 ஜூலை வன்முறையில் ஸ்டுடியோவும் தியேட்டர்களும் படப்பிரதிகளும் எரிந்ததோடு அதுவும் படுத்துவிட்டது. ஆகவே மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் இப்போது படம் எடுப்பவர்களுக்குக் கம்பனி இல்லை, சங்கம் இல்லை, ஒப்பந்தம் இல்லை, மாதச் சம்பளமும் இல்லை. இருப்பது நண்பர் வட்டம். ஒருவரிடம் கமரா, இன்னொருவரிடம் லென்ஸ், மற்றவரிடம் எடிட் பண்ணக்கூடிய கொம்பியூட்டர். கலியாண வீடியோவில் சேர்த்த காசை ஒரு குறும்படத்தில் கொட்டுவார்கள். இப்படிப்பட்ட இடத்தில் பெண்ணுக்கு என்ன நடக்கிறது என்று கேட்டால், பெரிய சினிமா ஊர்களில் கிடைக்கும் விடை அப்படியே இங்கே பொருந்தாது. தயாரிப்பாளர் அறைக்குக் கூப்பிட்டார் என்ற கதை நடக்க முதலில் தயாரிப்பாளரும் அறையும் வேண்டுமே.

ஊரில் இதைப் பற்றிக் கதை எடுத்தால், "ஆரு வேணாமெண்ட? வாறெண்டா வரட்டுமே" என்பார்கள். அது முழுப் பொய்யும் இல்லை. வாசலில் நின்று ஒருவரும் மறிப்பதில்லை. மறிப்பது நேரம்.

ஷூட்டிங் பகலில் நடக்கும், தொழிலைக் கற்றுக்கொள்வது இரவில் நடக்கும். வெளிச்சம் போனதும் சாமான்களைக் கட்டி, யாருடைய அறைக்காவது கொண்டு போவார்கள். கார்டில் இருப்பதை ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்ற ஒரு மணித்தியாலம், சில வேளை இரண்டு ஆகும். அந்த நேரத்தில்தான் தேத்தண்ணி, கொத்து ரொட்டி, அன்றைய ஷாட்டுகளைப் போட்டுப் பார்த்துச் சிரிப்பது. "இந்தா, நீ பிடிச்சுப் பாரு" என்று புதிய பொடியனின் கையில் கமரா போவதும் அந்த நேரத்தில்தான். வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தை எப்படிச் சரிப்படுத்துவது, சத்தம் இரைந்தால் எதை வெட்டுவது எல்லாம் அங்கே வாய்க்கதையாகவே கைமாறும். அடுத்த படம் என்ன, யார் கமரா, யார் உதவி என்பதும் அதே பாயில் இருந்தபடி முடிவாகிவிடும். அந்த நேரத்தில் அந்தக் குழுவில் இருந்த பெண் எங்கே? ஐந்தரைக்கே வீட்டிலிருந்து போன் வரத் தொடங்கியிருக்கும். வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் வீடென்றால் இருட்டிய பிறகு பஸ் பிடிப்பது லேசான காரியமில்லை. ஓட்டோவில் போனால் அன்றைய பஸ் காசைப் போல் பத்து மடங்கு போகும். யாராவது மோட்டர் சைக்கிளில் கொண்டுபோய் விட்டால் அடுத்த நாள் காலை ஊர்க் கிணத்தடியில் அதுதான் கதை. ஆகவே அவள் முதலில் கிளம்புவாள். ஒரு வருடம் இப்படிப் போனால், கூட வந்த பொடியன் கமராக்காரனாகியிருப்பான், அவள் இன்னும் கொப்பியோடு நிற்பாள். "அவளுக்கு ஆர்வம் குறைவு" என்றும் ஒரு பேச்சு வந்திருக்கும்.

இந்த இரவுப் பள்ளிக்கூடம் சினிமாவோடு வந்ததில்லை. எங்கள் ஊர்க் கூத்தைப் பாருங்கள். வடமோடியோ தென்மோடியோ, எந்தப் பாணியானாலும் ஒரு கூத்தைப் பழக மாதக்கணக்கில் இரவுகள் போகும். வயல் வேலை, வாவி வேலை முடிந்து, சாப்பிட்டு, சனம் களரிக்கு, அதாவது கூத்து ஆடும் இடத்துக்கு, வந்து சேர்ந்த பிறகுதான் கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் மத்தளத்தில் கை வைப்பார். கொப்பி படிப்பதிலிருந்து சதங்கை அணிந்து, அடுக்குப் பார்த்து, அரங்கேற்றம் வரை எல்லாம் இருட்டிய பிறகு. திரௌபதியும் ஆண், சுபத்திரையும் ஆண். பாய் விரித்துப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்களுக்கோ முழுக் கூத்தும் மனப்பாடம். ஆட்டக்காரன் ஒரு தருவில், அதாவது கூத்துப் பாட்டில், தடுமாறினால் பாயில் இருக்கும் கிழவியின் வாய் தானாக அடுத்த அடியை முணுமுணுக்கும். பாட்டு அவளுக்குத் தெரியும், களரிதான் அவளுக்குரியதாக இருக்கவில்லை.

மேடையில் இது மாறிவிட்டது, அதையும் சொல்லத்தான் வேண்டும். கல்லடியில் இருக்கும் சுவாமி விபுலாநந்தா அழகியல் கற்கைகள் நிறுவகத்தில் பெண்பிள்ளைகள் கூத்தாடுகிறார்கள். தொண்ணூறுகளில் மட்டக்களப்பில் வேரூன்றிய சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் பாட்டையும் வீதி நாடகத்தையும் பெண்கள் கைக்குக் கொண்டுவந்தது. நாடகத்தைப் பகலில் பழகலாம், பத்துப் பெண்கள் சேர்ந்தால் போதும், செலவும் பெரிதில்லை. கமராவுக்கு அப்படியில்லை. கமரா ஒரு சொத்து. சொத்து என்று வந்தால் எங்கள் ஊரில் கதை வேறு மாதிரி.

கிழக்குக் கரையோரத்தைத் தெரியாதவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் குடி என்னும் வம்சப் பிரிவு தாய்வழியாக வரும். வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும். கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். தங்கச்சிக்கு வீடு கட்டி முடிப்பதற்காகவே அண்ணன் கட்டாருக்கும் சவூதிக்கும் போய் வருவது இங்கே சாதாரணம். வெளியிலிருந்து வருபவர்கள் இதைக் கண்டு, இது பெண்களின் நாடு என்று புல்லரித்துப் போவதுண்டு. ஆனால் அதே குடியின் பெயரில் கோயிலில் முன்னே நிற்கும் வண்ணக்கர், அதாவது கோயில் நிர்வாகி, ஆண்தான். குடி தாயால் வரும், அதிகாரம் மாமனால் நடக்கும்.

சினிமாவுக்கு இதில் என்ன வேலை என்றால், இதுதான். வீட்டில் மகள் மீதும் மகன் மீதும் ஒரே பாசம்தான். ஆனால் மகளுக்குச் சேர்ப்பது கல்லும் சீமெந்தும். மகன் கேட்டு அடம்பிடித்தால் கிடைப்பது மோட்டர் சைக்கிள், லப்டொப், கமரா. நொத்தாரிசு மொழியில் சொன்னால் ஒருத்திக்கு அசையாச் சொத்து, மற்றவனுக்கு அசையும் சொத்து. கமரா வாங்க அவன் மோட்டர் சைக்கிளை அடகு வைக்கலாம், லென்ஸை விற்று வேறு லென்ஸ் எடுக்கலாம். அவள் எதை அடகு வைப்பாள்? தலைக்கு மேலே இருக்கும் கூரையையா? நகை என்று ஒன்று இருக்கிறது, அதுவும் கலியாணத்துக்கு முன் அம்மாவின் அலுமாரியில், பின் வங்கி லொக்கரில். சொத்துரிமைக் கணக்கில் முன்னே நிற்கும் ஊர், தொழில் கருவிக் கணக்கில் பின்னே நிற்பது இப்படித்தான்.

அப்படியானால் படம் எடுத்த பெண்கள் எப்படி எடுத்தார்கள் என்று தேடிப் பார்த்தால் ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படத்தின் நாயகி டி. பி. ராஜலட்சுமி. அவர் 1936இலேயே ஒரு படத்தை இயக்கினார், சொந்தமாகக் கம்பனி தொடங்கித் தானே தயாரித்து. 1985இல் தமிழ்ப் படத்துக்கு ஒளிப்பதிவு செய்து ஆசியாவின் முதல் பெண் ஒளிப்பதிவாளர் என்று பெயர் வாங்கிய பி. ஆர். விஜயலட்சுமி, இயக்குநர் பி. ஆர். பந்துலுவின் மகள். சிங்களப் படவுலகின் பெரும் பெண் இயக்குநர் சுமித்ரா பீரிஸ் லண்டனில் படித்துவிட்டு வந்து, முதலில் எடிட்டராகத் தன் பெயரை நிறுத்திக்கொண்டு, 1978இல் தன் முதல் படத்தைத் தந்தார். கணவர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ். நம் காலத்தில் மலையகத் தமிழரைப் பற்றி 2013இல் முழுநீளப் படம் எடுத்த சிவமோகன் சுமதி, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவர்.

இவர்கள் எல்லாரும் திறமைசாலிகள், அதில் பேச்சில்லை. ஆனால் பாருங்கள், ஒருவர்கூட அந்த இரவு அறைப் பாயில் இருந்து ஏறி வரவில்லை. சொந்தக் கம்பனி, சினிமாக் குடும்பம், வெளிநாட்டுப் படிப்பு, வேறு தொழிலின் சம்பளம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பக்க வாசல் இருந்தது. ஏறாவூரிலோ திருக்கோவிலிலோ உள்ள ஒரு பெண்ணுக்கு அந்த நாலு வாசலில் எது இருக்கிறது?

எடிட்டிங் பற்றி ஒரு சின்ன இடைக்கதை. சினிமா தொடங்கிய காலத்தில் அமெரிக்காவில் பிலிமை வெட்டி ஒட்டும் வேலையில் நிறையப் பெண்கள் இருந்தார்கள். தையல் வேலை மாதிரி, பொறுமையாக உட்கார்ந்து செய்யும் சின்ன வேலை என்று அதை நினைத்தார்கள். படம் வெட்டுமேசையில்தான் உருவாகிறது என்று விளங்கி, அந்த வேலைக்கு மதிப்பு ஏற ஏற, ஆண்கள் வந்து உட்கார்ந்தார்கள். மதிப்பில்லாதபோது பெண் வேலை, மதிப்பு வந்ததும் தொழில். சமையல்காரருக்கும் வீட்டில் சமைப்பவளுக்கும் இடையில் உள்ள அதே கணக்கு.

உலகம் பூராவும் இதுதான் நிலைமை என்பதில் ஆறுதல் தேடுபவர்களும் உண்டு. ஒஸ்காரில் சிறந்த இயக்குநர் விருது ஒரு பெண்ணுக்குப் போக 2010 ஆகவேண்டியிருந்தது. ஒளிப்பதிவுக்கு ஒரு பெண் பரிந்துரைக்கப்படவே 2018 ஆனது, அது 90ஆவது விழா. அமெரிக்காவில் அதிக வசூல் செய்யும் 250 படங்களில் திரைக்குப் பின்னால் இருக்கும் முக்கிய பொறுப்புகளை ஆண்டுதோறும் எண்ணி வருகிறது சான் டியாகோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று. 1998இல் 17 வீதம் பெண்கள், 2024இல் 23 வீதம். கால் நூற்றாண்டுக்கு மேல் உழைத்து ஆறு வீதம் கூடியிருக்கிறது. சட்டமும் சங்கமும் பணமும் உள்ள இடத்து நிலைமை இது.

சரி, ஊருக்கு வருவோம். ஒரு நாள் காலையைச் சொல்கிறேன். வாவிக்கரையில் ஷூட்டிங், சூரியன் எழும்பும் வெளிச்சம் வேண்டும் என்று ஐந்து மணிக்கே வரச் சொல்லியிருந்தார்கள். குழுவில் பதினான்கு பேர், அதில் இரண்டு பேர் பெண்கள், நடிக்க வந்த பிள்ளையும் நானும். எட்டு மணியளவில் கவனித்தேன், அந்தப் பிள்ளை தண்ணீர்ப் போத்தலைத் திறந்து உதட்டை மட்டும் நனைத்துவிட்டு மூடுகிறாள். வெயில் ஏறுகிறது, சேலைக்குள் வேர்த்து ஒழுகுகிறது, அவள் குடிக்கவில்லை. ஏனென்று கேட்கத் தேவையில்லை, நானும் குடிக்கவில்லை. பொடியன்மாருக்கு கண்டல் மரத்தின் மறைவு போதும். எங்களுக்கு அரை மைல் நடந்து ஒரு வீட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். கடைசியில் நடந்தோம். வளவில் தென்னோலை கிழித்துக்கொண்டிருந்த ஒரு மாமி திறப்பை எடுத்துத் தந்துவிட்டு, வெளியே வரும்வரை காத்திருந்து, "எந்த ஊர் புள்ள? கலியாணம் முடிச்சிட்டியா? உங்கட அம்மாவுக்குத் தெரியுமா நீங்க இப்பிடி வந்திருக்கிற?" என்று விசாரித்தார். திரும்பி வரும்போது வெளிச்சம் மாறிவிட்டது. "பொம்பிளைகளைக் கூட்டி வந்தா இதான்" என்று யாரோ சொன்னது காற்றில் வந்தது.

இதைச் சின்ன விஷயம் என்று தள்ளுபவர்கள் கேரளத்தைப் பார்க்கட்டும். 2017இல் ஒரு நடிகை தாக்கப்பட்டதன் பின், அங்குள்ள சினிமாப் பெண்கள் கூட்டாக எழும்பியதால், ஓய்வுபெற்ற நீதிபதி ஹேமா தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. குழு 2019 கடைசியில் அறிக்கையைக் கொடுத்தது, வெளியே வந்தது 2024 ஓகஸ்டில், அதுவும் பல பகுதிகள் நீக்கப்பட்டு. பாலியல் சுரண்டலைப் பற்றிய பகுதிகள்தான் செய்தியானது. ஆனால் அதே அறிக்கையில், ஷூட்டிங் இடங்களில் மலசலகூடமும் உடை மாற்ற இடமும் இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிக்காமல் இருந்து சிறுநீர்த் தொற்றுக்கு ஆளாவதாகவும் இருக்கிறது. கோடிகள் புரளும் மலையாளச் சினிமாவில் தண்ணீர் குடிக்காத பெண்ணும் எங்கள் வாவிக்கரையில் தண்ணீர் குடிக்காத பெண்ணும் ஒரே காரணத்துக்காகத்தான் குடிக்கவில்லை. வித்தியாசம் என்னவென்றால் அவர்களுக்கு அதை எழுதி வைக்க ஒரு குழு கிடைத்தது.

இங்கே முறைப்பாடு செய்வதற்கு முன்னே 'தங்கச்சி' வந்து நின்றுவிடும். எங்கள் பக்கத்தில் எல்லாரும் எல்லாருக்கும் முறை. இயக்குநர் அண்ணா, கமராக்காரர் அண்ணா, சாமான் தூக்கும் பையன் தம்பி. அதில் ஒரு பாதுகாப்பு இருப்பது உண்மைதான். 'அண்ணா' என்று கூப்பிட்டுப் பழகினால் பெரும்பாலான ஆண்கள் ஓர் எல்லைக்கு இந்தப் பக்கம் நிற்பார்கள். வீட்டிலும் "அந்த அண்ணாட குறூப்தானே" என்று விடுவார்கள். ஆனால் அண்ணாவிடம் சம்பளம் கேட்க முடியுமா? "எத்தனை நாள் வேலை, எவ்வளவு தருவீங்க, டைட்டிலில் என்ன போடுவீங்க" என்று ஒரு தாளில் எழுதிக் கேட்டால் முறை அறுந்துவிடும். எனக்குத் தெரிந்து ஒருத்தி கேட்டாள். காசு கிடைத்தது. அடுத்த படத்துக்குக் கூப்பிடவில்லை. பொடியன்மாருக்கும் இங்கே பெரிய சம்பளம் இல்லை, அவர்களும் சோத்துப் பார்சலுக்குத்தான் வேலை செய்கிறார்கள், அது சரி. ஆனால் அவனுக்கு அந்தச் சோத்துப் பார்சலோடு பழக்கமும் பெயரும் அடுத்த வேலையும் வருகிறது. அவளுக்குப் பார்சல் மட்டும்தான்.

அந்த எல்லையைத் தாண்டுகிற ஓர் அண்ணா வந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். சட்டம் இல்லை என்றில்லை. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு 1995 திருத்தத்துக்குப் பிறகு பாலியல் தொந்தரவைக் குற்றமாக்கியிருக்கிறது, ஐந்து வருடம் வரை சிறை. வார்த்தையும் அதில் அடங்கும். ஆனால் பொலிசுக்குப் போக முதல் வீட்டுக்குச் சொல்ல வேண்டும். வீட்டுக்குச் சொன்னால் முதலில் நிற்பது அவளுடைய படவேலை. இதைப் பெண்கள் நன்றாகக் கணக்குப் பார்த்து வைத்திருக்கிறார்கள். அவள் பேசாமல் இருப்பதைப் பயம் என்று எழுதுகிறவர்கள் அந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

கமராவுக்கு முன்னால் நிற்பது அடுத்த கதை. "நடிக்கப் பொம்பிளை கிடைக்குதில்ல" என்பது இங்குள்ள எல்லா இயக்குநர்களின் நிரந்தரப் புலம்பல். அதனால் கதைகளே உருமாறிவிட்டன. அம்மா செத்துப்போன வீடு, மனைவி வெளிநாட்டில், காதலி போனில் குரலாக மட்டும். கொஞ்சம் படங்களைச் சேர்த்துப் பார்த்தால் மட்டக்களப்பில் பெண்களே இல்லையோ என்று சந்தேகம் வரும். கிடைக்காததற்குக் காரணம் எல்லாருக்கும் தெரியும். நாடகத்தில் நடித்தால் அன்றிரவோடு முடிந்தது. யூடியூப்பில் முகம் நிற்கும், கலியாணப் பேச்சு வரும் நாளிலும் நிற்கும், அதன் கீழே ஊர் பேர் தெரியாதவன் எழுதிய கொமென்ட்டும் நிற்கும். ஒரு படத்தில் நடித்த பிள்ளைக்குச் சம்பந்தம் சரிவந்தபோது மாப்பிள்ளை வீட்டார் வைத்த முதல் நிபந்தனை அந்த வீடியோவை எடுத்துவிட வேண்டும் என்பது. எடுத்தார்கள். ஒரு வருட உழைப்பு ஒரே இரவில் மறைந்தது. குழுவில் எல்லாருக்கும் கோபம். கோபம் யார் மேல் என்கிறீர்கள்? மாப்பிள்ளை வீட்டார் மேல் இல்லை, அவள் மேல். "இனிப் பொம்பிளைகளை நம்பிப் படம் எடுக்கப்படாது."

இதற்குள் எனக்குப் பிடித்த ஒரு முரண் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் கமராவைத் தொழிலாக வைத்து, தன் கையால் உழைத்துச் சாப்பிடும் பெண்களைத் தேடினால் குறும்பட வட்டத்தில் கிடைக்க மாட்டார்கள், கலியாண வீடுகளில் கிடைப்பார்கள். அதுவும் முஸ்லிம் கலியாண வீடுகளில். பெண்கள் பக்கத்துக்கு ஆண் கமராக்காரர் போக முடியாது, ஆகவே பெண் வேண்டும். எடுத்ததை ஆண் எடிட்டரிடம் கொடுக்கவும் முடியாது, ஆகவே எடிட்டிங்கும் அவளே. வெளிச்சம் போடுவது, படம் எடுப்பது, வெட்டுவது, நிறம் சரிசெய்வது, அல்பம் அடிப்பது வரை முழு வேலையும் ஒரு பெண்ணின் கையில். சினிமாவில் நாலு ஆண்கள் பிரித்துச் செய்யும் வேலை அது. பெண்ணை ஒதுக்கி வைக்கும் வழக்கமே அவள் கையில் கமராவைக் கொடுத்திருக்கிறது. ஆனால் இவர்களை ஒளிப்பதிவாளர் என்று யாரும் சொல்வதில்லை. இன்னொரு வேலை கேட்டுப் போகவும் முடியாது, ஏனென்றால் எடுத்த ஒரு படத்தையும் வெளியே காட்டக் கூடாது என்பதுதான் அந்த வேலையின் நிபந்தனையே. வருடக்கணக்கில் உழைத்தவளிடம் காட்ட மாதிரி ஒன்றுகூட இருக்காது.

தமிழ் வீடுகளில் நிலைமை தலைகீழ். சாமத்திய வீட்டில் பதின்மூன்று வயதுப் பிள்ளையை நகை போட்டு நிறுத்தி, "தங்கச்சி, நாடிய உயர்த்துங்க, கொஞ்சம் சிரிங்க, இப்ப திரும்பிப் பாருங்க" என்று மணிக்கணக்கில் சொல்லிக்கொண்டு நிற்பது ஓர் ஆண். பிள்ளையின் வாழ்க்கையில் முதல் இயக்குநர் அவர்தான். அம்மாமார் பலருக்கு இது ஒரு மாதிரித்தான் இருக்கும், ஆனால் பெண் வீடியோக்காரரைத் தேடலாம் என்ற யோசனை வருவதில்லை.

பயிற்சிகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் குறை. 2004 சுனாமிக்குப் பிறகும், 2007இல் கிழக்கில் சண்டை ஓய்ந்த பிறகும், பெண்களுக்கான வீடியோப் பயிற்சி என்று நிறைய வந்தது. மூன்று நாள், ஐந்து நாள். ஹோட்டல் மண்டபம், மதியச் சாப்பாடு, சான்றிதழ், குறூப் போட்டோ. பகலில் நடந்தபடியால் பெண்கள் வந்தார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஐந்தாம் நாள் பின்னேரம் கமரா தன் பையோடு கொழும்புக்குத் திரும்பிவிடும். அதைவிட எனக்கு உறுத்தியது வேறொன்று. என்ன படம் எடுக்க வேண்டும் என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்கும். விதவை, குடும்ப வன்முறை, இளவயதுக் கலியாணம். அப்படி ஒரு பயிற்சியில் நான் பேய்ப்படம் எடுக்கப் போகிறேன் என்றேன். எங்கள் வீட்டுப் புளியமரத்தைப் பற்றி அம்மம்மா சொன்ன நல்ல கதை ஒன்று இருந்தது. சொல்லித்தர வந்தவர் இரக்கத்தோடு பார்த்தார். "பேயா? பெண்கள் பிரச்சினை ஏதும் இல்லையா உங்கட ஊர்ல?" பொடியன்மார் காதல், கொலை, பேய், பகிடி என்று எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். பெண் எடுத்தால் விழிப்புணர்வு. சம்பளத்திலும் வேலையிலும் உள்ள சமமின்மையை எண்ணிக் காட்டலாம், கற்பனையில் உள்ளதை எண்ண வழியில்லை. ஆனால் நான் அதைத்தான் பெரிதாக நினைக்கிறேன்.

இத்தனைக்கும் செலவில்லாமல் செய்யக்கூடியவை இருக்கின்றன. ஷூட்டிங்குக்கு இடம் பார்க்கப் போகும்போது வெளிச்சத்தோடு சேர்த்து மலசலகூடத்தையும் பார்ப்பது. செலவுக் கணக்கில் லென்ஸ் வாடகைக்குக் கீழே ஓட்டோக் காசு என்று ஒரு வரி போடுவது. ட்ரோனுக்குக் கொடுக்கும் காசில் அது ஒரு மூலைக்கும் காணாது. டைட்டிலை முதல் நாளே எழுதி வாட்ஸப் குறூப்பில் போடுவது. கார்டு மாற்றும் வேலையை மதியச் சாப்பாட்டு நேரத்திலும் செய்யலாம், அதற்கு இருட்டு வேண்டியதில்லை. ஒன்றிரண்டு குழுக்கள் இப்படிச் செய்யத் தொடங்கியிருக்கின்றன. காரணம் கொள்கையல்ல, குழுவில் இருக்கும் பெண் கேட்டுக் கேட்டுச் சலிக்காததுதான்.

அம்பாறைக் கரையோர ஊர் ஒன்றில் எனக்குத் தெரிந்த ஒருத்தி இருக்கிறாள். கன்டினியூட்டிக் கொப்பியில் தொடங்கியவள்தான். சீதனமாக எழுதிய வீடு, கலியாணம் இன்னும் ஆகவில்லை, அம்மாவும் அவளும்தான் இருக்கிறார்கள். முன் அறையை மாப்பிள்ளைக்கென்று டைல்ஸ் போட்டு வைத்திருந்தார்கள். அவள் அதில் மேசை போட்டு, சீட்டு எடுத்த காசில் ஒரு நல்ல கொம்பியூட்டர் வாங்கி வைத்தாள். கரண்ட் போனாலும் நிற்காமல் இருக்க பெட்டரி. அம்மா ஒரு மாதம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அந்தச் சுற்று வட்டாரத்தில் வேறு யாரிடமும் அவ்வளவு வேகமான மெஷின் இல்லாதபடியால், ஷூட்டிங் முடிந்ததும் பொடியன்மார் கார்டைத் தூக்கிக்கொண்டு இப்போது அவள் வீட்டுக்குத்தான் வருகிறார்கள். தேத்தண்ணி, சிரிப்பு, அடுத்த படம் யார் கமரா என்ற கதை எல்லாம் அந்த டைல்ஸ் தரையில். போன முறை போயிருந்தபோது நானும் இருந்தேன். எட்டரை மணிக்கு அவளுடைய அம்மா உள்ளேயிருந்து வந்து, ஒருவரையும் பார்க்காமல், சுவர் மணிக்கூட்டை மட்டும் பார்த்தார். பொடியன்மார் எழும்பிச் செருப்பைத் தேடத் தொடங்கினார்கள். பாதி வெட்டிய காட்சி திரையில் அப்படியே நின்றது. அவர்கள் போன பிறகு அவள் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு மிச்சத்தை வெட்டத் தொடங்கினாள்.